பெரிய தெருவில் வண்டி சூடாகும்

அரியலூரிலிருந்து வரும் கப்பி ரோட்டை விட்டுப் பிரிந்து ஏரிக்கரை மதகைத் தாண்டியதும் ராசாங்கம் வண்டியின் வேகத்தைக் குறைத்துவிடுவான். பெட்ரோல் டாங்கின் மேல் கவிழ்ந்துகொண்டு, "டப் டப் டப்" என்று எஞ்சினோடு போட்டி போட்டுக் கத்திக்கொண்டே வரும் ஆறு வயது அங்கமுத்துவுக்கு அது அறவே பிடிக்காது. "இன்னும் கொஞ்ச தூரம்ப்பா" என்று கெஞ்சுவான். பின்னால் கேரியரில் அப்பனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பொன்னாயி எதுவும் சொல்லமாட்டாள். அவளுக்குப் பத்து வயது. இனிமேல் தனக்கு வேலை இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

பெரிய தெரு தொடங்குகிற இடத்தில் ஒரு புளியமரம். அதன் அடியில் வண்டி நின்று, எஞ்சின் ஒருமுறை இருமி அடங்கும். பொன்னாயி குதித்து இறங்கி, தோளில் மாட்டியிருக்கும் பட்டாளத்துத் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து விரலை நனைத்துக்கொள்வாள். சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் இரும்புத் தகடுகளின் மேல் அந்த ஈரத்தைச் சுண்டுவாள். "ஸ்ஸ்" என்று சத்தம் வரும். சொட்டு இருந்த இடம் தெரியாமல் போய்விடும். உடனே நாடி பிடித்துப் பார்த்த வைத்தியர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "சூடுதான். எறங்குடா" என்று தம்பிக்கு உத்தரவு போடுவாள்.

அங்கமுத்து முனகிக்கொண்டே இறங்குவான். ராசாங்கம் பூட்ஸைக் கழற்றி, இரண்டையும் கயிற்றால் முடிந்து ஹேண்டில்பாரில் தொங்கவிடுவான். தலையில் கட்டியிருக்கும் துண்டை அவிழ்த்து இடுப்பில் சுற்றிக்கொள்வான். பிறகு அப்பனும் மக்களுமாக அந்தப் பாரமான வண்டியைத் தெரு நெடுகத் தள்ளிக்கொண்டு போவார்கள். தெருக்கோடியில் வாய்க்கால் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய சேரி.

பட்டாளத்து வண்டி என்றால் அப்படித்தான், ஓடி வந்த சூட்டோடு வீட்டுக்குக் கொண்டுபோனால் எஞ்சின் வெடித்துவிடும், அதனால் தெரு நீளத்துக்கு ஆறவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தான். காலையில் கிளம்பும்போது அதே தெருவைத் தள்ளிக்கொண்டே கடப்பதற்கு வேறொரு காரணம் தயாராக இருந்தது. ராத்திரி முழுக்கக் கீழே இறங்கிக் கிடக்கிற எண்ணெய் மேலே ஏற வேண்டுமாம். பூட்ஸைக் கழற்றுவது ஏன்? தள்ளும்போது வழுக்கும்.

இதில் ஒரு வார்த்தைகூட உண்மையில்லை. அஸ்ஸாம் மலைகளில், மழையிலும் சேற்றிலும், ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்குச் சேதி கொண்டுபோன வண்டிகளின் ஜாதி அது. அங்கே மூச்சு வாங்காதது இந்தப் பிசாத்துத் தெருவுக்கா மூச்சு வாங்கப் போகிறது? அந்தத் தெருவில் சேரிக்காரன் வண்டியில் உட்கார்ந்து போகக் கூடாது, காலில் எதையும் போட்டுக்கொள்ளக் கூடாது, துண்டு இடுப்பில் இருக்க வேண்டும். சங்கதி அவ்வளவுதான். ஊரில் கைக்குழந்தை தவிர எல்லோருக்கும் தெரிந்த இந்தச் சங்கதி ராசாங்கத்தின் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் தெரியாது. தெரியக் கூடாது என்பதில் அவன் உயிரையே வைத்திருந்தான்.

சண்டை நடந்த வருஷங்களில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோகிற வேலை பார்த்தவன் அவன். எத்தனையோ துரைமார்கள் அவன் வண்டிச் சத்தத்துக்குக் காத்துக் கிடந்திருக்கிறார்கள். பட்டாளம் கலைந்ததும் திருச்சியில் பழைய ராணுவச் சாமான்களைக் குவித்து விற்றபோது, இரும்பு விலைக்குப் போக இருந்த ஒரு வண்டியை, விலகும்போது கொடுத்த பணத்தில் வாங்கினான். அரியலூரில் ஒரு பஸ் ஷெட்டில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. அங்கேயே போட்டு, ஓய்ந்த நேரமெல்லாம் கழற்றி மாட்டி, உயிர் கொடுத்து எழுப்பினான். கூப்பன் இருந்தால்தான் பெட்ரோல் என்கிற காலம். ஷெட் முதலாளி தயவில் வாரத்துக்குக் கொஞ்சம் கிடைத்தது. அதைச் சிந்தாமல் சிதறாமல் சேர்த்து ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்காகச் செலவழித்தான்.

வண்டியை முதன்முதலாக ஊருக்குக் கொண்டுவந்த அன்று பண்ணைக் காரியக்காரர் தங்கசாமி புளியமரத்தடியில் காத்துக்கொண்டிருந்தார். சத்தம் போடவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. "ராசாங்கம், அரியமுத்துவ ஞாபகம் இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டார்.

ஞாபகம் இல்லாமலா? ராசாங்கம் சிறுவனாக இருந்தபோது, சேரி அரியமுத்து வாடகைச் சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரே ஒருநாள், தெருவை மிதித்தே கடந்தான். அவனைக் கட்டி வைத்தது இதே புளியமரத்தில்தான். அவன் குடிசைக் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். சேரியில் ஒருவருக்கும் பண்ணையில் வேலையில்லை என்றார்கள். சேரி வீடுகள் நிற்கிற மண்ணே பண்ணையின் மண். அறுப்புக் காலத்தில் அடுப்பெரியாமல் கிடந்து, கடைசியில் சேரிக்காரர்களே அரியமுத்துவைப் போகச் சொன்னார்கள். குடும்பத்தோடு போனவன் எங்கே போனான் என்று இன்றுவரை தெரியாது. தெருவைச் சுற்றிக்கொண்டு போகலாமே என்றால், இரண்டு பக்கமும் பண்ணையின் கரிசல் காடு. பயிரை மிதித்தால் அது வேறு வழக்கு. மழை பெய்தால் கரிசல் மண் சக்கரத்தை முழுங்கிவிடும்.

ராசாங்கம் இறங்கித் தள்ளினான். பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினான். முதல் ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் அரியலூர் ஸ்டேஷனில் ரயில் காட்டித் திரும்பும்போது, புளியமரத்தடியில் பொன்னாயி கேட்டாள்: "ஏம்ப்பா நிறுத்திட்டே?" அவள் முகம் புழுதி அப்பி, காற்றில் கண்ணில் நீர் வழிந்து, சிரித்துக்கொண்டிருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்த அப்பன் உண்மையைச் சொல்வான்? "வண்டி சூடாயிடுச்சும்மா" என்று வாயில் வந்ததைச் சொன்னான். அன்று தப்பித்தோம் என்று நினைத்தான்.

அந்த ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க, சூடு எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தான். சூடு ஏன் வருகிறது என்று அவள் கேட்டாள். அதையும் சொன்னான். பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் சூடு. எண்ணெய் கெட்டால் சூடு. தகடுகளுக்கு நடுவில் மண் அடைத்தால் சூடு. இதெல்லாம் சத்தியமான பாடம். பொன்னாயி ஒன்றைக்கூட மறக்கவில்லை. அவளுக்கு வண்டியின் மேல் அப்படி ஒரு பைத்தியம். எஞ்சின் சத்தத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்தாலும் அப்பனின் முதுகில் தட்டுவாள். தான் நேசித்த ஒன்றை இன்னொரு உயிர் அதே அளவு நேசிப்பதைப் பார்க்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதை ராசாங்கம் அனுபவித்தான். தள்ளிக்கொண்டு போகிற தெருவைக்கூட அந்தச் சந்தோஷத்தில் பொறுத்துக்கொண்டான்.

இப்படி ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. பெரிய தெருவில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். சேரிப் பிள்ளைகளுக்குப் பாலத்தருகே வைத்துக் கொடுத்தார்கள். ராசாங்கம் அன்றைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வந்தான்.

வினை பண்ணை வீட்டிலிருந்து வந்தது. சின்னப் பண்ணை வேணுகோபால் திருச்சியில் காலேஜ் படித்துவிட்டு வந்த இளைஞர். நல்ல மாதிரி. யாரையும் அதட்டிப் பேசமாட்டார். ராசாங்கத்தின் வண்டியைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் ஆசை வந்து, மெட்ராஸில் சொல்லி ஒரு புது மோட்டார் சைக்கிள் வரவழைத்தார். அது மரப்பெட்டிக்குள் கூட்ஸ் வண்டியில் அரியலூருக்கு வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்து மாட்டவும், ஓட்டி வரவும், ஓட்டக் கற்றுக்கொடுக்கவும் ராசாங்கத்தை விட்டால் வேறு யார்?

ராசாங்கம் ஆசை ஆசையாகத்தான் மாட்டினான். வண்டி என்று வந்துவிட்டால் யாருடையது என்று பார்க்கிற புத்தி அவனுக்குக் கிடையாது. வேணுகோபாலைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஊருக்கு ஓட்டி வந்தான். புளியமரம் வந்ததும் கை தானாக எஞ்சினை நிறுத்தியது.

"ஏன் நிறுத்திட்டே?" என்றார் வேணுகோபால்.

"தெரு வந்துடுச்சுங்க ஆண்டே."

"அட, இது என் வண்டிப்பா. நான்தான் பின்னாடி உக்காந்திருக்கேன்ல. ஓட்டு, எவன் கேக்கறான்னு பாக்கறேன்."

ராசாங்கம் ஓட்டினான். காலில் பூட்ஸோடு, தலையில் துண்டோடு, பெரிய தெருவின் நட்டநடுவில் ஓட்டினான். வாசலுக்கு வாசல் ஆட்கள் வந்து நின்று புது வண்டியைப் பார்த்தார்கள். காரியக்காரர் தங்கசாமிகூடச் சிரித்துக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார். ராசாங்கத்துக்கு அந்த நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். தள்ளும்போது முடியவே முடியாத அந்தத் தெரு, ஓட்டும்போது கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துபோயிற்று. இவ்வளவுதானா இது என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

தெருக்கோடியில் பாலத்தின் மேல் பொன்னாயியும் அங்கமுத்துவும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கண்டதும் சந்தோஷம் வந்த வழியே ஓடிவிட்டது.

பண்ணை வீட்டுக் கொட்டகையில் வண்டியை நிறுத்தியதும், துணிந்து ஒரு வார்த்தை கேட்டான். "சார்" என்றுதான் ஆரம்பித்தான். பட்டாளத்துப் பழக்கம். உடனே திருத்திக்கொண்டான். "ஆண்டே, எம் புள்ளைங்கள வச்சு என் வண்டியில ஒரு தடவ இப்படி வந்துட்டேன்னா, தப்பாவுங்களா?"

வேணுகோபால் புது வண்டியின் விளக்கைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்றார். "பெரியவங்க இருக்காங்க. காலம் மாறிக்கிட்டுத்தான் வருது. கொஞ்ச நாள் போகட்டும்." நல்ல மனிதர்கள் எல்லோருமே கொஞ்ச நாள் போகட்டும் என்றுதான் சொல்கிறார்கள். ராசாங்கம் கும்பிட்டுவிட்டு வந்தான்.

வீட்டுக்கு வந்தபோது அங்கமுத்து வண்டிப் பக்கமே போகாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். "பண்ணை வண்டிதான் வண்டி" என்றான். "அது அரியலூர்லேருந்து ஓடியாந்தும் சூடே ஆவல. நம்புளது ஓட்டை வண்டி. நான் இனிமே ஏற மாட்டேன் போ."

ராசாங்கத்துக்கு நெஞ்சில் மிதித்த மாதிரி இருந்தது. ஊரே சேர்ந்து தன்னை இழிவாகப் பேசியபோதுகூட அவனுக்கு இப்படி வலித்ததில்லை. பாவம், அந்த வண்டி என்ன செய்தது? அவனுக்கு உழைத்ததைத் தவிர ஒரு குற்றமும் செய்யவில்லை. யாரோ செய்கிற அக்கிரமத்துக்கு அவன் வண்டியின் மேல் பழியைப் போட்டான். இப்போது மகன் அந்தப் பழியை நம்புகிறான். பழியைத் துடைக்க வேண்டுமென்றால், பிள்ளையைக் கூப்பிட்டு, நீ இன்னார், உன்னை இவர்கள் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். ஆறு வயதுப் பிள்ளையிடம் அதை எந்த வாயால் சொல்வது?

அவன் பெண்சாதி ஆண்டாயி கேப்பைக்கூழைக் கரைத்துக்கொண்டே சொன்னாள். "சொல்லிப்புடுங்க. என்னைக்கு இருந்தாலும் தெரியப்போறதுதான். வெளியில எவனாச்சும் சிரிச்சுக்கிட்டே சொல்றதுக்கு, பெத்தவங்க நாம சொல்லிட்டாத் தேவலை."

"சொல்லலாம். அப்பறம் அந்தப் புள்ளைங்க வண்டியில ஏறி உக்காந்து சிரிக்குமா? எனக்கு அதச் சொல்லு."

ஆண்டாயி கூழைக் கரைப்பதை நிறுத்தவில்லை. "நான் கூலிக்குப் போவயில எனக்கு எத்தன வயசுன்னு நெனைக்கிறீங்க? எனக்கு ஆரும் பொய்யி சொல்லல" என்றாள். அதற்கு மேல் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பொன்னாயியோ அழவும் இல்லை, வண்டியைத் திட்டவும் இல்லை. மறுநாள் சாயங்காலம் ராசாங்கம் ஷெட்டிலிருந்து வந்தபோது, அவள் வண்டிக்குப் பக்கத்தில் குந்தி, ஒரு வேப்பங்குச்சியால் சிலிண்டர் தகடுகளுக்கு நடுவில் காய்ந்து கிடந்த கரிசல் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"மண்ணு அடச்சிருந்தா சூடாவும்னு நீதானே சொன்னே. உள்ளாற எவ்ளோ மண்ணு பாரு." பிறகு தலையை நிமிர்த்தி, பெரிய மனுஷி போலக் கேட்டாள். "பெட்ரோலு கம்மியாப் போவுதோ என்னமோ. தொறந்து பாக்கலாமாப்பா? அதுவும் இல்லேன்னா எண்ணெய மாத்திப் பாக்கலாம். ஏதோ ஒரு கோளாறுதான். கண்டுபுடிச்சுடலாம்ப்பா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மண்ணில் உட்கார்ந்து, அவள் கையிலிருந்த குச்சியை வாங்கிப் போட்டுவிட்டு, கோளாறு வண்டியில் இல்லை கண்ணு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பின்னால் அத்தனை பாடு இல்லை. கோழை. ஜப்பான்காரன் குண்டுக்குப் பயப்படாதவன், பெற்ற மகளின் கேள்விக்குப் பயந்தான். "பாக்கலாம்மா" என்றான். அந்த வாரம் முழுக்க அப்பனும் மகளும் சேர்ந்து, இல்லாத ஒரு கோளாறைத் தேடிக் கார்புரேட்டரைக் கழற்றினார்கள், பிளக்கைத் தேய்த்தார்கள், பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றினார்கள். அவள் விரல் ரேகையெல்லாம் கறுத்துப்போயிற்று. ஒவ்வொன்றையும் மாட்டியபின், "இதுதாம்ப்பா இருக்கும்" என்று கண் மின்னச் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

சனிக்கிழமை அவள் தம்பியிடம் சொல்லிவிட்டாள். "வண்டியச் சரிபண்ணிட்டோம்டா. நாளைக்குத் தெருவுல ஓட்டிக்கிட்டே வருவோம், பண்ணை வண்டி மாதிரி. வர்றியா இல்லியா?"

அங்கமுத்து அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவள் பொய் சொல்லமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். "வரேன்" என்றான்.

மார்கழி ஞாயிறு. கல்லங்குறிச்சிக்குப் போனார்கள். பெருமாள் கோயிலுக்குத் தானியமும் கன்றுக்குட்டியுமாகக் காணிக்கை கொண்டு ஜனம் வந்துகொண்டிருந்தது. ராசாங்கம் வெளியிலேயே வண்டியை நிறுத்தி, பிள்ளைகளுக்குப் பொரி வாங்கிக் கொடுத்தான். போகும்போதும் வரும்போதும் அங்கமுத்து டாங்கின் மேல் படுத்துக்கொண்டு கத்தினான். வாரம் முழுக்கக் கேட்காத அந்த "டப் டப்" திரும்பக் கேட்டதில், ராசாங்கத்துக்குப் போகிற வழியெல்லாம் கண் கலங்கியது. வண்டியும் அன்றைக்கு என்னமாய் ஓடிற்று. அப்பனும் மகளும் சேர்ந்து செய்த வேலையில், சும்மா சொல்லக் கூடாது, அது புது வண்டி மாதிரி ஆகியிருந்தது. இந்தப் பாதை இப்படியே நீண்டு ஊர் வராமலே போய்விடக் கூடாதா என்று நினைத்தான்.

ஏரி மதகு வந்ததும் முதுகில் ஒரு தட்டு. "இங்க நிறுத்துப்பா" என்றாள் பொன்னாயி. "எஞ்சின அணைச்சுடு."

அவள் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். ஏரித் தண்ணீரைப் புட்டியில் பிடித்து, துணியை நனைத்து, தகடுகளின் மேல் ஒற்றி ஒற்றி எடுத்தாள். மார்கழிக் காற்று ஏரியின் மேலிருந்து சில்லென்று வந்தது. "மதகுலேருந்து புளியமரம் வரைக்கும் எறக்கம்தானே. எஞ்சினக் கெளப்பாமலே உருட்டிக்கிட்டுப் போயிடலாம். அங்க போயித்தான் கெளப்பணும். அப்ப எப்படிச் சூடாவும்?" என்றாள். அப்பனை வென்றுவிட்ட சிரிப்பு அவள் முகத்தில். ராசாங்கமும் சிரித்தான். அப்படிச் சிரிக்க அவன் என்ன பாடுபட்டான் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

வண்டி சத்தமில்லாமல் சரிவில் உருண்டு புளியமரத்தடியில் வந்து நின்றது. பொன்னாயி குதித்தாள். விரலை நனைத்தாள். சுண்டினாள். சத்தமே இல்லை. சொட்டு தகட்டின் மேல் முத்தாக உட்கார்ந்திருந்தது. அவள் உள்ளங்கையை முழுதாக வைத்துப் பார்த்துவிட்டு, "ஆறிடுச்சு. கையி வச்சுப் பாரு. கெளப்புப்பா" என்றாள்.

"கெளப்புப்பா" என்றான் அங்கமுத்துவும், டாங்கை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டு.

தெருவில் ஆட்கள் இருந்தார்கள். நடுத்தெருவில் தங்கசாமி யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். எதிர்க்கோடியில் பாலம் தெரிந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் தெரு. ராசாங்கம் உதைக்கட்டையில் காலை வைத்தான். ஒரே ஒரு உதை. அப்புறம் அரியமுத்துவின் கூரை, சேரியின் அடுப்பு, ஆண்டாயியின் முகம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒரு நிமிஷச் சந்தோஷத்துக்கு அத்தனை பேர் வயிற்றில் அடிக்க அவனுக்கு என்ன உரிமை இருக்கிறது? அவன் காலை எடுத்துவிட்டான்.

"தம்பி, மரத்துல பிஞ்சுப் புளியங்கா தொங்குது பாரு. கல்லெடுத்து ரெண்டு அடிச்சாந்து குடு" என்றான். புளியங்காய் என்றதும் அங்கமுத்து இறங்கி மரத்தின் அந்தப் பக்கம் ஓடினான்.

ராசாங்கம் மகளைப் பக்கத்தில் இழுத்தான். "பொன்னாயி, வண்டியில ஒரு கோளாறும் இல்லம்மா. எப்பவும் இருந்ததில்ல. இந்தத் தெருவுல நாம ஏறிக்கிட்டுப் போவக் கூடாதாம். நாமன்னா நம்ம சேரி ஆளுங்க. அதுக்குத்தான் தள்ளிக்கிட்டுப் போறோம்."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். அழவில்லை. வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கழற்றிப் போட்ட சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து எது எங்கே பொருந்தும் என்று பார்க்கிறபோது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"பண்ணை வண்டிய நீதானே ஓட்டுனே?"

"அது அவங்க வண்டிம்மா."

"காலையில எண்ணெ மேல ஏறணும்னது?"

"அதுவும் சும்மாத்தான்."

"பூட்ஸு வழுக்காதா?"

வழுக்காது என்று ராசாங்கம் தலையை ஆட்டினான். அவள் பார்வை மெல்ல மேலே ஏறி அவன் தலையில் கட்டியிருந்த துண்டில் நின்றது. அதைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. அவள் தன் கறுத்த விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகும் அவை கறுப்பாகத்தான் இருந்தன.

அங்கமுத்து கை நிறையப் புளியம்பிஞ்சோடு ஓடி வந்தான். "இந்தாப்பா. கெளம்பலாமா? நான் ஏறிக்கிறேன்."

ராசாங்கம் வாயைத் திறந்தான். புதிதாக ஒரு பொய் வேண்டியிருந்தது. இத்தனை நாள் வந்துகொண்டிருந்த பொய் அன்றைக்கு அவன் நாக்கில் வரவில்லை.

பொன்னாயி புட்டியைத் திறந்தாள். தம்பிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வண்டிக்கருகே குனிந்தாள். விரலை நனைத்து, சில்லிட்டுக் கிடந்த தகட்டின் மேல் சுண்டினாள். சொட்டு உருண்டு கீழே மண்ணில் விழுந்தது. அவள் பல்லுக்கு நடுவே மூச்சை விட்டு, "ஸ்ஸ்" என்று சத்தம் போட்டாள்.

"இன்னும் சூடுதான்டா" என்றாள். "எறங்கி நட."

"சரிபண்ணிட்டேன்னு சொன்னே?"

"சரியாவல."

அங்கமுத்து கையிலிருந்த பிஞ்சுகளையெல்லாம் கீழே வீசினான். முன்சக்கரத்தை ஓங்கி உதைத்தான். "ஓட்டை வண்டி" என்று அழுதான். "நம்புளது ஓட்டை வண்டிதானே? சொல்லு."

அந்த வண்டியின் ஒவ்வொரு ஆணியையும் தன் கையால் துடைத்து மாட்டிய பொன்னாயி, தம்பியின் கண்ணைத் துடைத்துவிட்டாள். "ஆமாண்டா, ஓட்டை வண்டிதான்" என்றாள்.

அவள் அப்பனின் காலடியில் குனிந்து, பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். இரண்டு பூட்ஸையும் முடிந்து ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு, அவள் பின்னால் போய்க் கேரியரில் கை வைத்தாள். ராசாங்கம் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டான். தங்கசாமி பேச்சை நிறுத்தி அவர்களைப் பார்த்துவிட்டு, மறுபடி பேசத் தொடங்கினார். மகள் பின்னாலிருந்து தள்ளுகிற பலம் அவன் கைக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. பாலம் வருகிறவரை அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.